பாய்மரப் படகின் புகைக்குழாய்

வம்பாகீரப்பாளையத்துக் கடல்பாலத்தைப் பற்றி எழுதும்படி அன்பர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். 1866-இல் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட இரும்புப் பாலம் 1952 புயலில் போனது, பிறகு தெற்கே தள்ளிப் புதுப்பாலம் கட்டியது, அதில் சில வருஷங்களுக்கு முன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, எல்லாவற்றையும் வேறொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு அந்தப் புதுப்பாலத்துக்கு எதிரே 1979 பிப்ரவரியில் ஐந்து நாள் நங்கூரம் போட்டு நின்ற ஒரு சின்னப் பாய்மரப் படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் இன்ஜினின் புகைக்குழாய் உடைந்திருந்தது. ஒரு குழாய்க்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு போனால் சரித்திரத்தில் நாலைந்து வாசல்கள் திறக்கின்றன. ஒரு வாசலில் நானும் நிற்கிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயது. கீழ்நிலை எழுத்தர். மேலதிகாரி கூப்பிட்டு, "வெள்ளைக்காரன் ஒருத்தன் படகோடு வந்து நிற்கிறான், இங்கிலீஷ் சரியாக வரவில்லை, நீதான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவனாயிற்றே, போய் என்னவென்று கேட்டு வா" என்றார். போனேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட முசே ஒருவர், கூட அவர் மதாம். திரிகோணமலையிலிருந்து புறப்பட்டவர்கள். காற்று இல்லாமல் இரண்டு நாள் இன்ஜினையே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மதாமுக்குத் தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கால் துவண்டு விழுகிறது. இங்கே பிரெஞ்சுத் தூதரகமும் ஆஸ்பத்திரியும் உண்டு என்று தெரிந்து படகைத் திருப்பியிருக்கிறார்கள்.

அம்மாவைப் பார்த்த டாக்டர் வயதானவர். என்னை ஒரே ஒரு கேள்வி மொழிபெயர்க்கச் சொன்னார்: "மேல்தளத்துக்கு வந்து உட்கார்ந்தால் தலைவலி விடுகிறதா?" விடுகிறது என்றார் மதாம். "அப்படியானால் இது கடல் மயக்கம் இல்லை, படகுக்குள் புகை கசிகிறது. இன்ஜினை முதலில் பாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. கூட வரும் டீசல் நாற்றம்தான் நமக்குத் தெரியும். கடலில் ஒரு நாள் இருந்தால் அந்த நாற்றமும் மூக்குக்குப் பழகிவிடும். இந்த வாயு ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது; பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக. இதை முதலில் விளக்கியவர் ஒரு பிரெஞ்சுக்காரர், குளோத் பெர்னார், 1850களில். எங்கள் பள்ளிக்கூடத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் விஞ்ஞான வாத்தியார் வகுப்பை முடிக்க மாட்டார். இலக்கிய வாத்தியாருக்கோ எமில் ஜோலா. திரேஃபுஸ் என்ற ராணுவ அதிகாரிக்கு நடந்த அநீதிக்காகப் பேனா பிடித்த அந்தப் பெரிய மனிதர் 1902 செப்டம்பர் 29 அன்று பாரிஸில் தம் படுக்கையறையிலேயே இறந்துபோனதும் இதே வாயுவால்தான். கணப்படுப்பின் புகைபோக்கி அடைத்துக்கொண்டது. மனைவி பிழைத்துக்கொண்டார். ஒரு வேடிக்கை: பாரிஸில் பிறந்த ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல், கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் இரவோடு இரவாகக் காணாமல் போனாரே, அதுவும் செப்டம்பர் 29தான், 1913-இல். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய இரண்டு பேரும் ஒரே தேதியில் போயிருக்கிறார்கள். அதில் ஒரு அர்த்தமும் இல்லை, ஆனாலும் எனக்குத் தேதி பார்க்கும் பழக்கம் விடவில்லை.

நிற்க. பாய்மரப் படகுக்கு இன்ஜின் எதற்கு என்று பழைய கடலோடிகள் கேட்டிருக்கிறார்கள். நீராவி இன்ஜின் பெரிய கப்பலுக்குத்தான் சரிப்படும். கரி வேண்டும், கொதிகலன் வேண்டும், கரி தள்ள ஆள் வேண்டும், சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். டீசல் இன்ஜின் வந்துதான் நிலைமை மாறியது. ஆமுண்ட்சன் 1910-இல் தென்துருவத்துக்குப் புறப்பட்ட ஃப்ராம் கப்பலில், பழைய நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு 180 குதிரைத்திறன் டீசல் இன்ஜினைத்தான் வைத்துக்கொண்டு போனார். பிறகு அது சிறுத்துச் சிறுத்து, முப்பதடிப் படகின் ஏணிப்படிக்குக் கீழேயே அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது.

இன்ஜின் அடங்கிவிட்டது, புகை அடங்கவில்லை. லாரியானால் குழாய் வெளியே தொங்கும், காற்று ஆற்றிவிடும். படகிலோ நெருப்பாய்க் கொதிக்கும் குழாய், மனிதர் படுத்துத் தூங்கும் மரக்கூட்டுக்குள்ளேயே நீளவாக்கில் ஓடி, பின்பக்கம் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வெளியே வர வேண்டும். உள்ளே புகும் வாயுவின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். இப்போது வரும் படகுகளில் இன்ஜினைக் குளிரவைத்த கடல்நீரையே புகையோடு கலந்துவிடுகிறார்கள், சூடு அடங்கி ரப்பர் குழாயே போதுமானதாகிறது. அதிலும் உப்புத்தண்ணீரும் டீசலில் உள்ள கந்தகமும் சேர்ந்து, கலக்கும் இடத்து வளைவை உள்ளிருந்தே அரித்துவிடும்.

இன்னொரு ஆபத்து, குழாய் உடையாமலேயே வரும். புகை வெளியே போகும் வழியில் கடல் உள்ளே வரலாம். பின்னாலிருந்து பெரிய அலை மோதினால் தண்ணீர் குழாயில் ஏறி சிலிண்டர் வரை போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நிலையில் இன்ஜினைக் கிளப்பினால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்து போகும். அதனால்தான் குழாயை முதலில் மேல்தளம்வரை ஏற்றி, அன்னப்பறவையின் கழுத்துபோல் வளைத்துக் கீழே இறக்குவார்கள். புயல் வந்தால் வெளியிலிருந்து ஒரு மரக்கட்டையை அதில் அடித்து அடைத்துவிடுவதும் உண்டு.

நம் முசேயின் படகு பழையது. தண்ணீர் கலக்காத வெறும் இரும்புக்குழாய், மேலே கல்நார்க் கயிறு சுற்றியிருந்தது. கல்நார் என்றால் அஸ்பெஸ்டாஸ், பிரெஞ்சில் அமியான்த். இன்ஜினோடு குழாயைச் சேர்க்கும் ஃப்ளாஞ்சை ஒட்டி அது முக்கால் வட்டத்துக்கு வெடித்திருந்தது. கயிறு மூடியிருந்ததால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே முசே கயிற்றை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, பால்பவுடர் டின் ஒன்றைக் கத்தரித்து விரித்து, வெடிப்பின்மேல் சுற்றி, இரண்டு கிளிப் போட்டு முறுக்கியிருந்தார். திருகாணி வைத்த அந்தத் தகட்டுக் கிளிப்பை நம் வீட்டு காஸ் அடுப்புக் குழாயிலும் பார்த்திருப்பீர்கள். 1921-இல் லம்லி ராபின்சன் என்ற பிரிட்டிஷ் கடற்படை கமாண்டர் கண்டுபிடித்தது. கடலில் போகிறவனுக்கு அதைவிட உபகாரமான சாமான் உண்டா என்று தெரியவில்லை. ஆனால் டின் தகடு அந்தச் சூட்டுக்கு ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும். "இதோடு கடலைத் தாண்ட முடியாது, ஒரு வேலைக்காரர் வேண்டும்" என்றார்.

ஆள் எனக்குத் தெரியும். இங்கத்திய மில் ஒன்றில் முப்பது வருஷம் பாய்லர் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மேஸ்திரி, எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. கட்டுமரத்தில் ஏற்றி அவரைப் படகுக்குக் கொண்டுபோனதே ஒரு கதை. கடலோரத்தில் பிறந்த மனுஷர், கடலில் காலை வைத்ததில்லை.

அங்கே என் மானம் போயிற்று. லுவார் நதி எங்கே பிறக்கிறது, பிரான்சின் ராஜாக்கள் யார் யார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு மரையாணிக்கு பிரெஞ்சில் என்ன பெயர் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. முசே 'எஷாப்மான்' என்றார். எனக்கு அந்தச் சொல் கைக்கடிகாரத்தின் உள்ளே டிக்டிக் என்று ஆடும் பாகமாகத்தான் பழக்கம். 'கோலியே' வேண்டும் என்றார். கழுத்து நகை! "மேஸ்திரி, அட்டிகை கேட்கிறார்" என்றேன். மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டு, "ஹோஸ் கிளிப் தம்பி" என்றார். 'கூத்' என்றால் முழங்கை என்று எனக்குத் தெரியும், அது எல்போ என்று அவருக்குத் தெரிந்தது. கால் மணி நேரத்தில் என்னை விட்டுவிட்டு இருவரும் விரலாலேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சொல்லுக்கு மட்டும் மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை. முசே 'சிலான்சியே' என்றார், மேஸ்திரி 'சைலன்சர்' என்றார், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

குழாய் ஏன் ஒடிந்தது என்பதை மேஸ்திரி இன்ஜினை ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தே கண்டுபிடித்தார். "இன்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, ஆடுது. குழாய மரத்துல இறுக்கிக் கட்டியிருக்கு, அது ஆடல. நடுவுல மாட்டுனது ஒடியத்தான செய்யும்." முசே எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினார். மூன்று வருஷத்தில் அந்த இடத்தைத் தாம் இரண்டு முறை பற்றவைத்தும் காரணம் தெரியவில்லை என்றார்.

குழாயைக் கழற்றும்போது ஒரு ஸ்டட் துருவேறி உடைந்தது. அதைத் துளைபோட்டு எடுத்துப் புது மரை வெட்ட ஒரு பகல் போயிற்று. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஃப்ளாஞ்சுப் பக்கம் இரும்பு அப்பளம்போல் மெலிந்திருந்தது, கேஸ் வெல்டிங் வைத்தால் ஓட்டை விழுந்தது. நாலு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு, பழைய இரும்புக் கடையில் கிடந்த பாய்லர் ட்யூப் துண்டை வைத்து ஒட்டினார். மரத்தில் இறுக்கிய பட்டியை எடுத்துவிட்டு, சங்கிலிக் கண்ணி இரண்டைப் போட்டுக் குழாயை ஊஞ்சல்போலத் தொங்கவிட்டார். இன்ஜினோடு சேர்ந்து அதுவும் ஆடட்டும் என்று. கடைசியில் கேஸ்கட். கல்நார் அட்டையை ஃப்ளாஞ்சின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் விளிம்பெல்லாம் தட்டித் தட்டியே வட்டமாக அறுத்தார். புதுக் கல்நார்க் கயிறு மில் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. வாங்கிவந்தது நான்தான்.

ஐந்தாம் நாள் மாலை, படகின் உள்ளே மேஸ்திரி குழாய்க்குக் கயிறு சுற்ற உட்கார்ந்தார். கயிறு புதியது, இழுக்க இழுக்க வெள்ளையாய்த் தூள் பறந்தது. ஏணி வழியாக விழுந்த வெயிலில் அது மினுங்கியது இன்னும் கண்ணில் இருக்கிறது. முசே கழுத்துத் துணியால் மூக்கை மூடிக்கொண்டு, மதாமை மேலே போகச் சொன்னார். பிறகு என்னிடம், "அந்தக் கயிற்றைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றச் சொல்லுங்கள்" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவ்வளவு வேலை செய்த பெரியவரிடம் போய், உன் தூசி இந்த வெள்ளைக்காரருக்கு ஆகவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவாகப் பட்டது. துரைத்தனம் என்று நினைத்தேன். "தூசிதான், வேலை முடியப்போகிறது" என்று முசேக்கு நானே பதில் சொல்லிவிட்டேன். அவர் மறுபடி சொல்லவில்லை.

மறுநாள் காலை இன்ஜினை மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். உள்ளே புகை இல்லை. மதாம் கீழே இறங்கிக் காப்பி போட்டுக் கொடுத்தார். மேஸ்திரி பணம் வாங்க மாட்டேன் என்று பிகு செய்து பிறகு வாங்கிக்கொண்டார். எனக்கு முசே ஒரு புத்தகம் கொடுத்தார்: பெர்னார் முவாத்தெசியே எழுதிய 'லா லோங் ரூத்', 1971-இல் வந்தது.

அந்தப் புத்தகத்தை நான் பல தடவை படித்திருக்கிறேன். நம் ஊர்க்காரருக்கு முவாத்தெசியே அந்நியர் இல்லை. ஹனோயில் 1925-இல் பிறந்து சைகோனில் வளர்ந்தவர். சைகோனில் உத்தியோகம் பார்த்த குடும்பம் நம்மூரில் தெருவுக்கு நாலு இருந்ததே, அந்தச் சைகோன். அங்கிருந்து புறப்பட்டு 1952-இல் தம் முதல் படகை தியேகோ கார்சியா தீவின் பவளப்பாறையில் இழந்தார், 1958-இல் இரண்டாவதைக் கரீபியன் கடலில் இழந்தார். மூன்றாவது ஜோஷுவா. ஷோஃபாய் என்ற ஊரில் கொதிகலன் செய்யும் பட்டறையில், எஃகுத் தகட்டால் கட்டியது. பாய்மரமாக நிறுத்தியது தந்திக்கம்பத்துக்கான மரம். நம் மேஸ்திரி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

1968-இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றும் போட்டி நடந்தது. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முவாத்தெசியே பிளைமவுத்தில் படகை இலேசாக்குவதற்காக வேண்டாததையெல்லாம் கரையில் இறக்கினார். அதில் இன்ஜினும் ஒன்று. புகைக்குழாயைப் பழுதுபார்க்க இதுவும் ஒரு வழி! குழாயே இல்லை, உடைய என்ன இருக்கிறது? நன்னம்பிக்கை முனைக்கருகே, ஒரு சரக்குக் கப்பலிடம் தகவல் கொடுக்கப்போய் அது உரசியதில் முன்புறக் கம்பு வளைந்துபோனது. நடுக்கடலில் கப்பியும் கயிறும் மாட்டித் தனி ஆளாக அதை நிமிர்த்திவிட்டார். கடைசியில் பரிசையே வேண்டாமென்று, அந்தச் செய்தியைக் கவணால் ஒரு கப்பல்மேல் எறிந்துவிட்டு, தாஹித்தி போய்ச் சேர்ந்தார். ஜோஷுவாவை இப்போது லா ரோஷெல் கடல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

போட்டியை முடித்தவர் ஒரே ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய சுஹைலி, பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் வாச்சி பிடித்துச் செதுக்கிய தேக்குப் படகு, 32 அடி. அவர் எதையும் இறக்கிவைக்கிற ஜாதி இல்லை, ஒட்டுப்போடுகிற ஜாதி. அட்லாண்டிக்கில் பலகை இடுக்கு விட்டுத் தண்ணீர் வந்தபோது கடலில் குதித்து, பஞ்சையும் தாரும் தடவிய கான்வாஸையும் அடியில் வைத்து அடித்து, மேலே செப்புத் தகட்டை ஆணியால் அறைந்தார். நடுவில் சுறா வந்தது, ஏறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். எனக்குப் பிடித்தது இன்னொன்று. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் சிறிய இன்ஜினில் ஓர் இடைவெளியை ஆயிரத்தில் பதினைந்து அங்குலத்துக்குச் சரிசெய்ய வேண்டும். அளக்கும் தகடு கையில் இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு அங்குலத்துக்கு எத்தனை தாள் என்று எண்ணினார். 200. ஆகவே ஒரு தாள் ஆயிரத்தில் ஐந்து, மூன்று தாள் வைத்தால் பதினைந்து. இப்படி 312 நாள் ஒட்டுப்போட்டுக்கொண்டே சுற்றிவந்து 1969 ஏப்ரல் 22 அன்று கரையேறினார். பரிசுப்பணம் 5000 பவுனையும், அதே போட்டியில் இறந்துபோன டொனால்ட் க்ரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். புத்தகம் கொடுத்த முசேயின் நாயகன் முவாத்தெசியே. என் ஓட்டு நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு.

முசேயிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது, பினாங்கிலிருந்து. குழாய் நன்றாக இருக்கிறது, மேஸ்திரிக்கு வந்தனம் என்று எழுதியிருந்தார். கல்நாரைப் பற்றி ஒன்றும் இல்லை.

அதைப்பற்றி நான் படித்தது 1997-இல், அலியான்ஸ் பிரான்சேசில். அந்த வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து பிரான்சில் கல்நாருக்கே தடை. பத்திரிகையெல்லாம் அதுதான். அதில் ஒரு பெயர் கண்ணில் பட்டது: தெனி ஓரிபோ. 1906-இல் நோர்மாந்தியில் தொழிலாளர் நல ஆய்வாளராக இருந்தவர். கோந்தே-சுர்-நுவாரோ பக்கத்தில் கல்நாரை நூற்று நெய்யும் மில் ஒன்றில் சுமார் ஐம்பது பேர் செத்ததைக் கண்டு, தூசிதான் காரணம் என்று அறிக்கை எழுதினார். அது அரசாங்க வெளியீட்டிலேயே அச்சாயிற்று. தடை வர 90 வருஷம் ஆயிற்று. 1970களில் பாரிஸ் ஜுசியூ வளாகத்துப் பேராசிரியர்கள் கூரையிலிருந்து உதிரும் கல்நாருக்காகப் போராட்டம் நடத்தியது முசேக்குத் தெரிந்திருக்க வேண்டும். முப்பது வருஷம் கோப்பு தள்ளியவன் நான். ஓர் அறிக்கை எப்படித் தூங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அன்று படகில் தூங்கியது காகிதமில்லை, ஒரே ஒரு வாக்கியம். அதைத் தூங்கவைத்தது நான்.

அன்று மாலையே மேஸ்திரி வீட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டியிருந்தார். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நாலடி நடப்பதற்குள் மூச்சு வாங்கியது. முப்பது வருஷ மில் இருக்கிறது, பீடியும் இருக்கிறது. ஒரு மாலைக் கயிற்றை அதற்குக் காரணம் சொல்ல முடியாதுதான். ஆனாலும் சொல்லிவிட்டேன். "மேஸ்திரி, அன்னைக்கு அந்த முசே கயிற நனைச்சு சுத்தச் சொன்னாரு. நான் உங்ககிட்ட சொல்லல."

கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார். "சொல்லியிருந்தா நனைச்சிருப்பேனே தம்பி. சுத்தியும் கடல், தண்ணிக்கா பஞ்சம்?" என்றார். பிறகு மருமகளைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார்.

டீ வந்த பிறகுதான் பார்த்தேன். படகு வேலையில் மிஞ்சிய கயிறு இரண்டு முழம் அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டியின் காதைச் சுடாமல் பிடிக்க அதில் கொஞ்சம் வெட்டிச் சுற்றியிருந்தார்கள். இரண்டையும் கேட்டு வாங்கி, ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தேன். எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பையில் போட்டால் குப்பை அள்ளுகிறவர் கையில் போகும். மேஸ்திரி 2001-இல் காலமானார். கயிறு ஒரு பால்பவுடர் டின்னில், மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்தபடி, எங்கள் வீட்டு மொட்டைமாடி அலமாரியில் இருக்கிறது. டின்மேல் அது என்னவென்று தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.